மரக்கட்டைகளுக்கு நடுவே 303 கிலோ: தூத்துக்குடி துறைமுகத்தில் ஸ்கேனர் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

2021 ஏப்ரல் மாதம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களில் அதுவும் ஒன்று. உள்ளே இருப்பது மரக்கட்டைகள் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது. தென் அமெரிக்காவை ஒட்டிய பனாமாவில் கப்பலேறி, பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப், பிறகு கொழும்பு என்று துறைமுகம் மாறி மாறி வந்த பெட்டி. திறந்து பார்த்தால், ஆவணத்தில் சொன்னபடி மரக்கட்டைகள்தான் இருந்தன. கட்டைகளுக்கு இடையில் சில பைகளும் இருந்தன. பைகளுக்குள் செங்கல் வடிவத்தில் பொட்டலங்கள். மொத்தம் 303 கிலோ கோகைன்.

இந்தியச் சட்டப்படி 100 கிராமுக்கு மேல் கோகைன் வைத்திருந்தாலே அது 'வணிக அளவு'. 10 முதல் 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். தூத்துக்குடியில் சிக்கியது அதைப்போல மூவாயிரம் மடங்கு!

'துறைமுகத்தில் ஸ்கேனர் இருக்கிறதே, அதில் தெரிந்திருக்கும்' என்றுதான் செய்தியைப் படித்த பலரும் நினைத்தார்கள். ஆனால், அந்தப் பெட்டியை நோக்கி அதிகாரிகளை அழைத்துச் சென்றது உளவுத் தகவல். வருவாய் புலனாய்வு இயக்குநரகம், அதாவது டி.ஆர்.ஐ., குறிப்பிட்ட அந்தப் பெட்டியைக் குறிவைத்துத்தான் சோதனையில் இறங்கியது. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள இயந்திரங்கள் இருக்கும்போது, தகவல் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது?

எக்ஸ்ரேக்கு மரமும் ஒன்றுதான், கோகைனும் ஒன்றுதான்

விமான நிலையத்தில் பை ஸ்கேனருக்குள் போகும்போது அந்தத் திரையை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி, புத்தகம், முறுக்குப் பொட்டலம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சாவிக்கொத்தும் கத்தரிக்கோலும் நீலமாகத் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. பொருளின் உண்மையான நிறம் இல்லை இது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற லேசான அணுக்களால் ஆனது எது, இரும்பு போன்ற கனமான அணுக்களால் ஆனது எது என்று கணினி பிரித்துப் பூசும் நிறம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கோகைன், ஹெராயின், டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். எல்லாமே லேசான அணுக்களால் ஆனவை. மரம், அரிசி, பருத்தி, முந்திரி, கருவாடும் அப்படித்தான். போதைப்பொருளையும் வெடிபொருளையும் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி உலகம் முழுக்க ஒரே குடையின் கீழ் நடப்பதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்.

கன்டெய்னர் ஸ்கேனரின் வேலை இன்னும் கடினம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு சக்தியுள்ள கதிர், சுமார் 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகையும் ஊடுருவிப் போகும். இரும்புப் பெட்டிக்குள் என்ன வடிவத்தில் என்ன அடுக்கியிருக்கிறது என்று ஒரு நிழற்படம் கிடைக்கும். பஞ்சு மூட்டை நடுவே துப்பாக்கி இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். உருண்டைக் கட்டைகளுக்கு இடுக்கில் கோகைன் செங்கல் இருந்தால், பொருளை வைத்துப் பிரிப்பது கடினம். வட்டங்களுக்கு நடுவே ஒரு சதுரம் ஏன் வந்தது என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வரவேண்டும். அது பல வருடப் பழக்கத்தில் வருகிற கண்.

கடத்துபவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2022 ஏப்ரலில் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்தில் ஈரானிலிருந்து வந்த கன்டெய்னரில் நூல் மூட்டைகள் இருந்தன. ஹெராயின் கரைசலில் நூலை நனைத்து, காயவைத்து, சாதாரண மூட்டைகளோடு மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த நூலின் எடை 395 கிலோ. அதில் ஊறியிருந்த ஹெராயின் சுமார் 90 கிலோ. படத்தில் நூல் நூலாகத்தான் தெரியும். தகவலை வைத்து, குஜராத் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவும் டி.ஆர்.ஐ.யும் சேர்ந்து பிடித்தார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பெட்டி

தூத்துக்குடி துறைமுகம் ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் அதிகமான கன்டெய்னர்களைக் கையாளுகிறது. இருபது அடிப் பெட்டிக் கணக்கில் பார்த்தால் சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டாயிரம். திருப்பூர் பனியன், கரூர் ஜவுளி, இறால், கயிறு என்று எல்லாவற்றுக்கும் கப்பல் நேரம் குறித்தாகிவிட்டது. அத்தனையையும் திறந்து பார்த்தால் வியாபாரம் நின்றுபோகும். கப்பலைத் தவறவிட்ட இறால் பெட்டிக்கு ஒவ்வொரு நாளும் செலவு ஏறும். அந்தக் கவலை கிளியரிங் ஏஜென்ட் தொடங்கி, தொழிற்சாலையில் இறால் உரிக்கிற பெண்கள் வரைக்கும் வரும்.

அமெரிக்காவே இதில் திணறியிருக்கிறது. தன் நாட்டுக்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னரையும், கப்பலேறும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்தாக வேண்டும் என்று 2007-ல் சட்டம் போட்டது. 2012-க்குள் முடிக்க வேண்டும் என்பது கெடு. அந்தக் கெடு திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டதுதான் மிச்சம்.

அதனால் உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் செய்வது 'இடர் கணிப்பு'. இந்தியச் சுங்கத்துறையில் 2005 முதல் இதற்கென்று ஒரு கணினி முறை இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து வருகிறது, வழியில் எங்கே இறங்கி ஏறியது, இறக்குமதியாளர் புதியவரா பழையவரா, சரக்கின் விலைக்கும் கப்பல் வாடகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து, சில பெட்டிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். ஸ்கேனருக்குப் போவது, திறந்து பார்க்கப்படுவது எல்லாம் பெரும்பாலும் இப்படிப் பொறுக்கியவைதான்.

மாதிரி எடுத்து முடிவு சொல்வது இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில், முத்துப்பாரில் உள்ள எல்லாச் சிப்பிகளையும் திறந்து பார்த்துவிட்டா அரசாங்கம் குளிப்பு நாளை அறிவித்தது? கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டு, தேறும் என்றால்தான் அறிவிப்பு. 1961-க்குப் பிறகு அரசு நடத்தும் முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் ஒரு வித்தியாசம். சிப்பிக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. கடத்துபவர் எந்தப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள் என்று முதலில் படித்துவிட்டுத்தான் சரக்கை ஏற்றுகிறார்.

வாசனை பிடிக்கும் இயந்திரம்

படம் பார்ப்பது ஒரு வழி. வாசனை பிடிப்பது இன்னொரு வழி. வெடிபொருளைத் தொட்ட கை கதவுப் பிடியைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒரு துணித் துண்டால் அந்த இடத்தைத் துடைத்து இயந்திரத்துக்குள் வைத்தால், அது சூடாக்கி ஆவியாக்கும். ஆவியின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு குழாய்க்குள் ஓடவிடும். எது எவ்வளவு நேரத்தில் மறுமுனைக்கு வருகிறது என்பதை வைத்து இன்ன பொருள் என்று சொல்லும். வெடிபொருள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் பெறும். போதைப்பொருள்கள் நேர்மின்னூட்டம் பெறும். ஒரே கருவியில் இரண்டையும் பார்க்க முடிவது இதனால்தான்.

டி.என்.டி.யின் ஆவி, சாதாரண வெப்பநிலையில், காற்றில் நூறு கோடியில் சில பங்குதான் கலந்திருக்கும். ஆர்.டி.எக்ஸ். இன்னும் மோசம், லட்சம் கோடியில் சில பங்கு. இவ்வளவு குறைவானதைப் பிடிக்கத்தான் விஞ்ஞானிகள் மல்லுக்கட்டுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.பிரதீப் குழுவினர் 2012-ல் தங்க நுண்துகள்களைக் கொண்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு டி.என்.டி. மூலக்கூறுகளையே காட்டிக்கொடுக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில், டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகமும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 'ரைடர்-எக்ஸ்' என்ற கருவியை அறிமுகப்படுத்தின. இரண்டு மீட்டர் தள்ளி நின்றே வெடிபொருளை அடையாளம் காணும் கருவி அது. அடுத்த மாதமே மும்பை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த நிறுவனம் ஒன்று 'நானோஸ்னிஃபர்' என்ற துகள் கண்டறியும் கருவியைக் கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் முன்னாலேயே நாய் இருக்கிறது. மோப்ப நாய் கோகைனைத்தான் மோப்பம் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில், ஈரக்காற்றில் கோகைன் சிதையும்போது வரும் மீத்தைல் பென்சோயேட் என்ற லேசான இனிப்பு வாசனை கொண்ட பொருள்தான் அதன் மூக்குக்கு எட்டுகிறது. ஹெராயினிலிருந்து வருவது வினிகர் வாசனை. கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்து மக்கள் உடனே 'நம்ம கன்னி, சிப்பிப்பாறையைப் பழக்கலாமே' என்பார்கள். அவை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். மூக்கு வேலைக்கு இன்னமும் லாப்ரடாருக்குத்தான் முதலிடம். அதுவும் தூத்துக்குடி வெயிலில், இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே, கொஞ்ச நேரம் வேலை பார்த்தாலே ஓய்வு கொடுத்தாக வேண்டும்.

ஒரு ஸ்கேனர், ஐந்து அலுவலகம்

இங்கேதான் அரசு அலுவலகங்களின் கதை வருகிறது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஸ்கேனர் ஒன்றை நிறுத்த என்னென்ன வேண்டும்? அதை இயக்குவது சுங்கத்துறை. அது நிதி அமைச்சகம். நிலம் துறைமுக ஆணையத்துடையது. அது துறைமுக அமைச்சகம். கதிர்வீச்சு இருப்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். வாசலில் காவல் நிற்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அது உள்துறை. ஸ்கேன் முடிந்து பெட்டி போய்ச் சேரும் கன்டெய்னர் யார்டுகளில் பல, தனியாருடையவை.

கருவியைக் கண்டுபிடிப்பவர்களும் இப்படிச் சிதறித்தான் கிடக்கிறார்கள். டி.ஆர்.டி.ஓ. பாதுகாப்பு அமைச்சகத்தில். பாபா அணு ஆராய்ச்சி மையம் அணுசக்தித் துறையில். ஐ.ஐ.டி.கள் கல்வி அமைச்சகத்தில். போதைப்பொருளைப் பிடிக்கும் என்.சி.பி. உள்துறையில், டி.ஆர்.ஐ. நிதித்துறையில். ஆய்வகத்தில் ஒன்பது மூலக்கூறைக் கண்டுபிடித்த கருவி, உப்புக்காற்றும் நிலக்கரித் தூசும் கலந்த துறைமுகத்தில் எப்படி வேலை செய்யும் என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் இன்னொரு அமைச்சகத்தில் இருக்கிறார்.

இது இந்தியாவின் நோய் மட்டும் இல்லை. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, வெடிபொருள், போதைப்பொருள் கண்டறியும் கருவிகளை உருவாக்கும் பொறுப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று ஆராய்ந்து ஒரு தனி அறிக்கையே கொடுத்தது. விமானப் போக்குவரத்து, ராணுவம், சுங்கம், நீதித்துறை என்று அங்கேயும் பல கைகள்.

இந்தியாவில் போதைப்பொருளுக்கென 2016-ல் 'என்கார்டு' என்ற ஒருங்கிணைப்பு அமைப்பு உருவானது. 2019-ல் அது நான்கு அடுக்காக மாற்றப்பட்டது. கடைசி அடுக்கு மாவட்டத்தில், கலெக்டர் தலைமையில். கலெக்டர் கூட்டும் கூட்டத்தில் போலீஸ், சுங்கம், வனம், மருந்துக் கட்டுப்பாடு என எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. கூட்டம் நடப்பதால் மட்டும் தகவல் கை மாறிவிடாது என்பது அரசு அலுவலகத்தைத் தெரிந்த யாருக்கும் புரியும். பிடித்தவருக்குத்தானே பெயர்!

எந்தக் கருவியும் தேவைப்படாத 697 டன்

கண்டுபிடிப்பதற்கு எதுவுமே இல்லாத ஒரு வழக்கைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 2020 ஆகஸ்ட் 4. லெபனான் தலைநகர் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சரக்கு பல ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. சுங்கத்துறை நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியிருந்தது.

அடுத்த சில நாள்களில் தமிழ்நாட்டில் ஒரு கேள்வி எழுந்தது. 'நம்ம ஊரில் ஏதாவது கிடக்கிறதா?' கிடந்தது. சென்னை மணலியில் கன்டெய்னர் சரக்கு நிலையம் ஒன்றில், 37 பெட்டிகளில் 697 டன். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. ஐந்து ஆண்டுகளாக அங்கேயே நின்றது. ஸ்கேனரும் வேண்டாம், நாயும் வேண்டாம், பதிவேட்டிலேயே இருந்தது. பெய்ரூட் செய்தி வந்த பிறகு, ஏலம், லாரி, போலீஸ் பாதுகாப்பு எல்லாம் மளமளவென்று நடந்து, அந்த மாதமே சரக்கு ஹைதராபாத்துக்குக் கிளம்பியது.

தூத்துக்குடிக்கு இன்னொரு விசித்திரம் நடந்தது. சிவகாசியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் துறைமுகத்துக்கே பட்டாசைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். 2025 அக்டோபரில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், இரண்டு நாற்பது அடி கன்டெய்னர்களில் 83,520 சீனப் பட்டாசுகளை டி.ஆர்.ஐ. பிடித்தது. இன்ஜினீயரிங் பொருள் என்று ஆவணம். முன்வரிசையில் சிலிக்கான் பசை பீய்ச்சும் 'கன்'கள், பின்னால் பட்டாசு. மருந்துக் கலவையில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பட்டாசு, யார்டில் வெயிலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் வேலை பார்க்கும் லோடுமேனுக்கு அது வெறும் பெட்டி.

கடலில் ஸ்கேனர் இல்லை

துறைமுக வாசலில் எவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்தாலும், வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை நீளும் கரையில் வாசல் ஏது? 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே 'ஷெனாயா துவா' என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை மறித்தது. ஆறு பேர் இருந்தார்கள். வெறும் எரிபொருள் தொட்டி ஒன்றுக்குள் 99 பொட்டலங்களில் 100 கிலோ ஹெராயின், கூடவே ரசாயனப் போதைப்பொருள், ஐந்து கைத்துப்பாக்கிகள், ஒரு சாட்டிலைட் போன். பாகிஸ்தான் கரைக்கு அப்பால் நடுக்கடலில் கை மாறிய சரக்கு என்று விசாரணையில் தெரிந்தது. அதற்காகப் பல நாள்கள் கப்பல்களும் விமானமும் தேடியிருந்தன. 2024 மார்ச்சில் மண்டபம் அருகே கடலில் 99 கிலோ ஹஷீஷ் பிடிபட்டது. அதில் தகவல் டி.ஆர்.ஐ.யுடையது, கப்பல் கடலோரக் காவல்படையுடையது.

பிடித்த பிறகு வருவது சோதனைப் பெட்டி. கொஞ்சம் பொடியில் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். கோகைன் என்றால் நீலம், ஹெராயின் என்றால் ஊதா. சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால், வேறு சில மருந்துப் பொருள்களும் அதே நீலத்தைக் காட்டும். அதனால்தான் ஆய்வகத்தின் முடிவு வேண்டும் என்கிறது சட்டம். வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். கருவி தவறாகச் சொன்னால், அதன் விலையை ஒரு மனிதர் சிறையில் இருந்து கொடுக்கிறார். சரியாகச் சொல்லும் கருவி கடத்துபவரைப் பிடிக்க மட்டுமில்லை, சம்பந்தமில்லாதவரை விடுவிக்கவும் வேண்டும்.

இதே சட்டத்தில் மீனவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிவும் இருக்கிறது. பொருள் ஒருவர் வசம் இருந்து, அதற்கு அவர் திருப்தியான விளக்கம் சொல்லவில்லை என்றால், குற்றம் செய்தவர் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளலாம். வலையில் மாட்டிய பொட்டலத்தை 'என்னதான் இருக்கு, பார்ப்போமே' என்று படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்தப் படகுக்காரர்தான்.

தெரேஸ்புரமோ தருவைகுளமோ புன்னக்காயலோ, எங்கிருந்து கடலுக்குப் போனாலும் செய்ய வேண்டியது இதுதான். மிதக்கும் பொட்டலம், கரை ஒதுங்கிய சாக்கு எதையும் பிரிக்காமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடலோரப் போலீஸின் 1093-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ சொல்லிவிட வேண்டும். கரையில் இருப்பவர்கள் போதைப்பொருள் பற்றிய எந்தத் தகவலையும் 1933 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.